கூகுள் படிவம் – என்8என் – போஸ்ட்கிரெஸ்: பதிவுகள் இரட்டிப்பதும் விடுபடுவதும் எதனால்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் மரபு நெல் விதைகளைப் பகிர்ந்துகொள்ளும் சிறு குழு ஒன்றின் கணக்கை நான் பார்த்து வருகிறேன். நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் மூலம் இப்பகுதியில் பரவிய முறையையே நாங்களும் பின்பற்றுகிறோம்: இந்த ஆண்டு 2 கிலோ விதை பெற்றுச் செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஆகவே எங்களுக்குத் தேவைப்படுவது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. யார், எந்த வகையை, எந்த ஆண்டில் பெற்றார், திருப்பினாரா என்று ஆண்டுகளைத் தாண்டித் தொடரும் கணக்கு.

பழைய விவரங்கள் எக்செல் கோப்புகளில் இருந்தன. அவற்றில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றினேன். புதிய பதிவுகளுக்குக் கூகுள் படிவம் வைத்திருக்கிறோம். படிவத்தின் விடைகள் கூகுள் ஷீட்டில் விழுகின்றன. எங்கள் சிறிய சர்வரில் ஓடும் என்8என் (ஒரு செயலியின் தரவை இன்னொன்றுக்குத் தானே கொண்டுசேர்க்கும் கருவி), அந்த ஷீட்டை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, புதிய வரிசை வந்திருந்தால் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. இந்த ஆண்டு பதிவு முடிந்தபின் ஒப்பிட்டபோது நான்கு குறைகள் தெரிந்தன.

ஷீட்டில் 612 வரிசைகள் இருக்க, தரவுத்தளத்தில் 631 இருக்கின்றன. அப்படி இருந்தும் ஷீட்டில் உள்ள ஏழு பேர் தரவுத்தளத்தில் இல்லை. இரண்டாவது, கோட்டூர் ஒன்றியத்தைச் சேர்ந்த பழைய உறுப்பினர்கள் பலரைத் தேடினால் கிடைக்கவில்லை. கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரிவதை இரு வேறு பெயர்கள் என்கிறது தரவுத்தளம். மூன்றாவது, கருப்புக் கவுனியில் 40 பைகளே இருக்க, 47 பேர் பதிவு செய்து, அத்தனை பேரும் தங்களுக்கு விதை உறுதி என்று நம்பி வந்துவிட்டார்கள். வந்தவர்களிடம் கைகட்டி நின்றது நான்தான். நான்காவது சிறிய குறை: நான் என்8என்னில் குறித்து வைக்கும் நேரம், உண்மையான நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்தங்கியிருக்கிறது.

என்8என்னுக்குப் பதில் ஜேப்பியர், மேக் போன்ற சேவைகளுக்கு மாறினால் இவை தீருமா, அல்லது என் அமைப்பிலேயே கோளாறா?

மறுமொழி 1

சேவையை மாற்றுவதால் நேரக்குறை மட்டும் தீரலாம். மற்ற மூன்றும் உங்களுடனேயே வரும். முதலில் அந்த எளியதை முடித்துவிடுகிறேன். நேர மண்டலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் என்8என் நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே கோடைக் காலத்தில் இந்தியாவுடன் உள்ள இடைவெளி மிகச் சரியாக ஒன்பதரை மணி. அமைப்புக் கோப்பில் ஜெனரிக் டைம்சோன் என்ற மாறியை ஏசியா கொல்கத்தா என மாற்றுங்கள். தரவுத்தளத்தில் நேரத்துக்கான நெடுவரிசையை நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளும் வகைக்கு மாற்றுங்கள்.

இனி பதிவுகள் இரட்டிப்பதற்கு வருவோம். ஷீட்டைக் கண்காணித்துப் பணியைத் தொடங்கிவைக்கும் என்8என்னின் டிரிகர் பகுதி, ஒவ்வொரு விடையையும் அடையாளம் கண்டு பின்தொடர்வதில்லை. முன்பு எந்த வரிசை வரை பார்த்தோம் என்ற எண்ணை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறது. உங்கள் தன்னார்வலர்களில் ஒருவர் சோதனைப் பதிவுகளை நீக்கியிருந்தாலோ, ஊர் வாரியாகப் பார்க்கலாமே என்று ஷீட்டை அகர வரிசைப்படுத்தியிருந்தாலோ அந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். பழையது புதியதாகத் தோன்றும், புதியது பழையதற்குள் ஒளிந்துகொள்ளும். மனிதர்கள் கை வைக்கும் இடம் எதையும் இரு கருவிகளுக்கு இடையே பாலமாக வைக்கக் கூடாது என்பது பல இரவுகளைச் செலவழித்து நான் கற்றது. ஷீட் இருக்கட்டும், ஆனால் அது பார்வைக்கு மட்டும்.

அதற்குப் பதில் படிவத்திலிருந்தே நேராக அனுப்புங்கள். படிவத்தின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பகுதியில் ஒரு சிறு நிரல் எழுதி, விடை சமர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது என்8என்னின் வெப்ஹூக் முகவரிக்கு (வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் இணைய முகவரி) செய்தி அனுப்புமாறு செய்யலாம். இதற்கு நிரலை எழுதி வைத்தால் மட்டும் போதாது. டிரிகர்கள் பக்கத்துக்குச் சென்று, சமர்ப்பிப்பு நிகழ்வுக்கு அதைத் தனியே இணைக்க வேண்டும். அந்த டிரிகர் அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடும் என்பதால், குழுவின் பொதுக் கணக்கிலிருந்து செய்யுங்கள். இல்லையேல் அவர் விலகும் நாளில் பதிவும் நிற்கும்.

இம்முறையின் உண்மையான பயன் வேகம் அன்று. கூகுள் படிவம் ஒவ்வொரு விடைக்கும் தனித்த அடையாள எண் ஒன்றைத் தருகிறது. ஷீட்டில் அது தெரியாது, நிரலுக்குக் கிடைக்கும். தரவுத்தளத்தில் 'வந்தவை' என்றொரு அட்டவணை உருவாக்கி, அந்த எண்ணை முதன்மைத் திறவாக, அதாவது ஒரே மதிப்பு இருமுறை வர விடாத நெடுவரிசையாக வைத்து, முழு விடையையும் ஜேசன் என்ற உரை வடிவில் அப்படியே ஒரே நெடுவரிசையில் போட்டுவிடுங்கள். சேர்க்கும் கட்டளையில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் என்ற பகுதியைச் சேர்த்தால், அதே எண் மறுபடி வரும்போது தரவுத்தளம் பேசாமல் விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலிருந்து இவ்வசதி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துவோருக்கு ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் என்பதில் அடையாள எண்ணை அதே எண்ணாகவே வைக்கும்படி எழுதினால் இதே பயன் கிடைக்கும். பெயர், ஊர், வகை எனப் பிரித்து உரிய அட்டவணைகளுக்கு அனுப்புவதை இரண்டாவது படியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிழை நேர்ந்தாலும் மூலம் கையில் இருக்கும்.

ஒரே செய்தியை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறையே பதிவாகும் என்றான பிறகு, விடுபட்டவற்றைப் பிடிப்பதும் எளிதாகிவிடுகிறது. தினமும் இரவில் ஒரு நிரல், குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் வந்த எல்லா விடைகளையும் படிவத்திடம் கேட்டு வாங்கி மறுபடி முழுவதுமாக அனுப்பட்டும். ஏற்கெனவே இருப்பவை தள்ளப்படும், விடுபட்டவை மட்டும் நுழையும். இரண்டு நாள் சர்வர் படுத்திருந்தாலும் கவலையில்லை.

வெப்ஹூக் அமைக்கும்போது எல்லோரும் இடறும் கற்கள் இரண்டு. என்8என் ஒவ்வொரு வெப்ஹூக்குக்கும் சோதனை முகவரி, நடைமுறை முகவரி என இரண்டு தருகிறது. சோதனை முகவரி நீங்கள் திரையில் காத்திருக்கும்போது மட்டுமே கேட்கும். அதையே படிவத்தில் ஒட்டிவிட்டு, நேற்று வேலை செய்ததே என்று வியப்பவர்கள் ஏராளம். அடுத்தது, வெப்ஹூக் உடனே பதில் சொல்லும்படி விட்டுவிட்டால், தரவுத்தளம் நின்றுபோயிருந்தாலும் படிவத்தின் பக்கம் வெற்றி என்றே செய்தி போகும். கடைசிப் படி முடிந்த பிறகே பதில் சொல்லும்படி மாற்றுங்கள். வெளியார் பொய்ப் பதிவு அனுப்பாதிருக்க, செய்தியின் தலைப்பில் ஒரு இரகசியச் சொல்லை வைத்துச் சரிபார்க்கும் வசதியும் அங்கேயே உண்டு.

கேட்டவரின் பதில்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே ஒரு தோழர் ஷீட்டை ஊர் வாரியாக வரிசைப்படுத்தியிருக்கிறார், நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனால் ஓர் ஐயம். ஒருவரே சிக்னல் சரியில்லை என்று மறுபடி படிவத்தை நிரப்பி அனுப்பினால், அதற்கு வேறு அடையாள எண் வந்துவிடாதா?

மறுமொழி 2

முன்னவர் விட்ட இடத்தில் தொடர்கிறேன். வரும்; ஆகவே செய்தி இரட்டிப்பதையும் மனிதர் இரட்டிப்பதையும் ஒன்றாக எண்ணாதீர்கள். முதலாவது கருவியின் கோளாறு, அதை அடையாள எண் தடுக்கும். இரண்டாவதை உங்கள் குழுவின் விதிதான் தடுக்க வேண்டும்: ஓர் உழவருக்கு ஓர் ஆண்டில் ஒரு வகை ஒரு முறை என்றால், இம்மூன்றும் சேர்ந்து தனித்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஒதுக்கீட்டு அட்டவணையில் வையுங்கள். உழவரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்பதில்தான் சிக்கல். கைப்பேசி எண் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் கிராமத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு எண்தான் பல இடங்களில் இருக்கிறது, தந்தையும் மகனும் தனித்தனியே விதை கேட்பார்கள். எண்ணும் பெயரும் சேர்ந்து ஒத்தால் ஒருவர், எண் மட்டும் ஒத்தால் மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதே என் நடைமுறை.

பெயர் என்றதும் உங்கள் இரண்டாவது குறை வந்துவிடுகிறது. கோட்டூரில் உள்ள 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டை வைப்பது ஒரு விதம். ஏகாரத்தின் இரட்டைக்கொம்பையும் அதன் பின் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒன்றே. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள் என்பதால், அவசரமாக எழுதப்பட்ட மாற்றிகள் அப்படியே பிரித்துவைத்துவிடுகின்றன. கைப்பேசி விசைப்பலகையோ ஒரே குறியீட்டை எழுதுகிறது. பழைய உறுப்பினர் ஒரு விதத்திலும் இந்த ஆண்டுப் பதிவு வேறு விதத்திலும் இருந்தால், தரவுத்தளம் இரண்டும் வேறு என்று சொல்வதில் பிழை இல்லை.

இதற்கென்றே யூனிகோடில் என்எஃப்சி என்ற சீராக்க வடிவம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 13 பதிப்பு முதல் நார்மலைஸ் என்ற செயற்கூறு அதைச் செய்து தருகிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்டிலும் என்8என்னின் கோட் பகுதியிலும் ஜாவாஸ்கிரிப்டின் அதே பெயருள்ள செயற்கூறு உண்டு. பழைய அட்டவணை முழுவதையும் ஒருமுறை சீராக்கிவிட்டு, இனி நுழைவதைத் தரவுத்தளத்திலேயே சீராக்குங்கள். என்8என்னில் அமைத்த பணியோட்டத்தில் மட்டும் செய்தால், நாளை யாரோ வேறு வழியாகச் சேர்க்கும்போது மறுபடி தொடங்கும்.

சீராக்கம் தீர்க்காதவையும் இருக்கின்றன. 'சௌந்தரம்' என்ற பெயரைப் பலர் ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரம் போட்டு 'செளந்தரம்' என்று தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் ளகரம் தனி எழுத்து என்பதால் எந்தச் சீராக்கமும் அதைத் தொடாது. மொத்தமாக மாற்றிவிடலாமே என்றால், தெளிவு, கெளுத்தி போன்ற சொற்களில் அதே அமைப்பு முறையானது. கெளுத்தியைக் கௌத்தியாக்கிய பெருமை எனக்கு உண்டு. 'ஸ்ரீ' என்பதும் ஸகரத்தில் தொடங்குவது, ஶகரத்தில் தொடங்குவது என இரண்டு வேடங்களில் வருகிறது. சீராக்கம் இவற்றையும் ஒன்றாக்காது. ஆகவே எழுதிய பெயரைத் தொடாமல் வைத்து, தேடலுக்கென்று தனி நெடுவரிசை ஒன்றை உருவாக்கி, இத்தகைய மாற்றங்களையும் முன்பின் இடைவெளி நீக்குவதையும் அதில் மட்டும் செய்யுங்கள். தேடல் நெடுவரிசையில் கெளுத்தி கெட்டாலும் யாருக்கும் நட்டமில்லை.

ஊர்ப் பெயரையும் நெல் வகையையும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, காட்டுயானம் என்று பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவை எத்தனை விதமாக எழுத முடியும் என்பதை உங்கள் பழைய எக்செல் கோப்பு ஏற்கெனவே காட்டியிருக்கும்.

மறுமொழி 3

நாற்பது பைக்கு நாற்பத்தேழு பேர் வந்த விவகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நுட்பத்தைவிடச் சொல் தேர்வில்தான் முதல் பிழை. படிவம் நிரப்புபவருடன் பேசும்போது அதற்குத் தரவுத்தளத்தில் என்ன மீதமுள்ளது என்று தெரியாது. அனுப்பு பொத்தானை அழுத்திய பிறகே உங்கள் பணியோட்டத்துக்குச் செய்தி வருகிறது. ஆகவே படிவத்தின் நன்றிச் செய்தியில் 'உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. விதை ஒதுக்கப்பட்டதா என்பதைக் குறுஞ்செய்தியில் தெரிவிப்போம்' என்று எழுதுங்கள். பதிவு வேறு, ஒதுக்கீடு வேறு என்பது தெளிவானால் யாரும் வீணாகப் பேருந்து ஏற மாட்டார்கள்.

ஒதுக்கீட்டில், முதலில் மீதத்தைப் படித்து, இருக்கிறதா என்று என்8என்னில் பார்த்து, பிறகு குறைப்பது என்று மூன்று படிகளாகச் செய்திருப்பீர்கள் என ஊகிக்கிறேன். கடைசிப் பைக்கு இருவர் ஒரே நொடியில் வந்தால் இருவருக்கும் ஒன்று மீதம் என்றே தெரியும். மீதம் ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி என்று ஒரே அப்டேட் கட்டளையாக எழுதுங்கள். இரண்டாவது கட்டளை முதலாவது முடியும் வரை காத்திருந்து, நிபந்தனையை மறுபடி பார்த்து, எந்த வரிசையையும் மாற்றாமல் திரும்பும். ஒரு வரிசை மாறியிருந்தால் ஒதுக்கீடு, மாறாவிட்டால் காத்திருப்போர் பட்டியல். தீர்ந்துபோன வகையை ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் படிவத்தின் பட்டியலிலிருந்து அவ்வப்போது நீக்கலாம். ஆனால் பக்கத்தை முன்பே திறந்து வைத்திருப்பவர் பழைய பட்டியலைத்தான் பார்ப்பார் என்பதால், அது மரியாதைக்குச் செய்வதேயன்றிப் பாதுகாப்பு ஆகாது.

விடுபட்ட ஏழு பேரின் முகவரிகளையும் ஒருமுறை பாருங்கள். என்8என்னில் தரவுத்தளக் கட்டளையை நேரே எழுதும் எக்சிக்யூட் குவெரி பகுதியில் விடைகளைக் கட்டளைக்குள்ளேயே ஒட்டியிருந்தால், யாராவது முகவரியில் ஒற்றை மேற்கோள் குறி இட்டிருக்கும்போது கட்டளை உடைந்துவிடும். உடைவதாவது பரவாயில்லை, விஷமி ஒருவர் அதே வழியாக உங்கள் அட்டவணையையே அழிக்கலாம். மதிப்புகளை டாலர் ஒன்று, டாலர் இரண்டு என்ற அளவுருக்களாகத் தனியே கொடுங்கள்.

என்8என்னுக்குத் தரவுத்தளத்தின் தலைமைக் கணக்கைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். 'வந்தவை' அட்டவணையில் சேர்க்க மட்டுமே உரிமையுள்ள தனிக் கணக்கு போதும். வெறும் இன்செர்ட் உரிமை கொடுத்துவிட்டு, அனுமதி இல்லை என்ற பிழையைக் கண்டு குழம்ப வேண்டாம்: மோதலை எந்த நெடுவரிசையில் பார்ப்பது என்று ஆன் கான்ஃப்ளிக்டில் குறிப்பிட்டால், அந்த நெடுவரிசையைப் படிக்கும் உரிமையும் வேண்டும், சேர்த்ததைத் திருப்பிக் காட்டும் ரிட்டர்னிங் பகுதிக்கும் அப்படியே. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் 5432 என்ற போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்கவே வேண்டாம். என்8என் அதே சர்வரில் இருப்பதால் உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

கடைசியாக, உழவர்களின் கைப்பேசி எண்கள் தரவுத்தளத்தில் மட்டும் இருப்பதாக எண்ணாதீர்கள். ஷீட்டில் ஒரு நகலும் படிவத்திலேயே இன்னொன்றும் இருக்கின்றன. என்8என் தன் ஓட்டப் பதிவுகளிலும் வழக்கமாக 336 மணி நேரம், அதாவது 14 நாள், வைத்திருக்கிறது. ஒருவர் தம் விவரத்தை நீக்கச் சொன்னால் இந்நான்கு இடங்களிலும் நீக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கக் கோரும் உரிமையை அளிக்கிறது.

மறுமொழி 4

இவ்வளவு பாலம் எதற்கு என்று கேட்க விரும்புகிறேன். நோகோடிபி போன்ற கருவி உங்கள் போஸ்ட்கிரெஸ் அட்டவணையின் மேலேயே அமர்ந்து படிவம் தந்துவிடும். விடை நேராக வரிசையாகிவிடும். அல்லது தன்னார்வலர்கள் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்வதானால் கோபோடூல்பாக்ஸ் பாருங்கள். சிக்னல் இல்லாத வயல்வெளியிலும் கைப்பேசியில் நிரப்பி வைத்து, பிறகு அனுப்பலாம். ஒவ்வொரு பதிவுக்கும் அது தனித்த அடையாளம் தருகிறது, வெளிச் சேவைக்குத் தானே அனுப்பவும் செய்கிறது. ஆகவே மறுமொழி 1இல் சொன்ன 'வந்தவை' அட்டவணை அதற்கும் அப்படியே பொருந்தும்.

மறுமொழி 2 எழுதியவர்

கோபோ பற்றி உடன்படுகிறேன். பொதுமக்கள் நிரப்பும் படிவத்தை நேராகக் கணக்கு அட்டவணையில் இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குழுவினர் மட்டும் பயன்படுத்தும் திருப்புதல் பதிவேட்டுக்கு, அதாவது 4 கிலோ வந்ததா என்று குறிப்பதற்கு, நோகோடிபி மிகப் பொருத்தம்.

கேட்டவரின் பதில்

இரு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். படிவத்திலிருந்து நேராக வெப்ஹூக், 'வந்தவை' அட்டவணை, இரவு மறு அனுப்பல் மூன்றையும் அமைத்துவிட்டேன். சோதனை முகவரியை ஒட்டிவிட்டு அரை நாள் நானும் விழித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய 612 விடைகளையும் மறுபடி அனுப்பிப் பார்த்ததில் 612 மட்டுமே நின்றன. மறுநாளும் அதையே அனுப்பினேன், எண் மாறவில்லை. விடுபட்ட ஏழு பேரில் நால்வரின் முகவரியில் மேற்கோள் குறி இருந்தது. மற்ற மூவர், ஷீட்டை வரிசைப்படுத்திய அன்று பதிவு செய்தவர்கள். பெயர்களைச் சீராக்கியபின் கோட்டூர்க்காரர்கள் முழுவதும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் சென்ற ஆண்டுக் கணக்கில் திருப்பவே இல்லை என்று காட்டிய பதினோரு பேர், உண்மையில் வேறு எழுத்து வடிவில் விதையைத் திருப்பியிருந்தார்கள் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. அவர்களில் இருவருக்கு இந்த ஆண்டு விதை மறுத்திருக்கிறோம். நாளை காலை பூங்கார் விதையோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.